அவன் கட்டைவிரலைத் தூக்கியபோது

க்ரக்!

சத்தம் என்னவோ சின்னதுதான். ஆனால் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு அது என்ன சத்தம் என்று யாராவது சொல்லித்தர வேண்டுமா? ஸ்டூலில் உட்கார்ந்த வேகத்திலேயே மஹ்விஷ் துள்ளி எழுந்தாள். ஒரு நிமிஷம் முன்பு வரை மூக்குக் கண்ணாடியாக இருந்த ஏதோ ஒன்று, நடுவில் ஒடிந்து, ஒரு பக்கத்துக் கம்பியை வானத்தைப் பார்க்க நீட்டிக்கொண்டு அங்கே கிடந்தது.

"ஏங்க... இங்க ஒரு கண்ணாடி வெச்சேன். யாராவது பாத்தீங்களா?"

குரல் வந்த திசையில் திரும்பினாள். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி ஓர் இளைஞன் நின்றிருந்தான். முதுகில் கிடார் பை. தலைமுடியிலிருந்து சொட்டுச் சொட்டாக மழை. வெளியே பாண்டி பஜார் முழுக்க நனைந்துகொண்டிருக்க, ஒதுங்க இடம் தேடி உள்ளே ஓடி வந்தவன் போலிருந்தது.

"பாத்தேன்..." என்றாள் மஹ்விஷ். "கொஞ்சம் லேட்டா பாத்துட்டேன்."

உடைந்ததை அவன் கையில் வைத்தாள். அவன் அதைக் கண்ணருகே கொண்டுபோய், விரலால் தடவிப் பார்த்து, பெருமூச்சு விட்டான்.

"ஸ்டூல் மேல யாராவது கண்ணாடிய வைப்பாங்களா?" தப்பு தன்மேல் என்பதால் அவளுக்குக் கோபம் சீக்கிரம் வந்தது.

"கண்ணாடிக் கடையில எங்க வெச்சாலும் பத்திரமா இருக்கும்னு நெனச்சுட்டேங்க..."

கல்லாவில் இருந்த முதலாளி மெஹபூப் அலி பாய் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது! வர்ற கஸ்டமர் கண்ணாடி மேலயே உக்காந்துகினு கீற? போ, புதுசு போட்டுக் குடு. கடை கணக்கு."

வேறு வழி? எதிரே உட்காரவைத்து, ஸ்கேலை எடுத்தாள். இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே எத்தனை இடைவெளி என்று அளந்தால்தான் லென்ஸ் சரியாக உட்காரும்.

"என் மூக்கப் பாருங்க."

"எங்கங்க இருக்கு?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தாள். அன்றாடம் எத்தனையோ கண்களைப் பார்க்கிறவள் அவள். அவளுக்குக் கண் என்றால் பவர், அவ்வளவுதான். ஆனால் கண்ணாடி கழற்றிய இந்தக் கண்களில் ஒரு வெகுளித்தனம் இருந்தது. எதையும் சரியாகப் பார்க்க முடியாமல், எல்லாவற்றையும் நம்பிவிடுகிற பார்வை... இமை ஓரத்தில் இன்னும் ஒரு மழைத்துளி. ஸ்கேலை வைத்து அளந்தாள். எடுத்துவிட்டு மறுபடி வைத்து அளந்தாள்.

"சனிக்கிழமைதான் கிடைக்கும்."

"ஐயோ! நாளைக்கு மயிலாப்பூர்ல ஒரு எடத்துல வாசிச்சுக் காட்டணுங்க. வீட்ல காலேஜ் படிக்கறப்ப போட்ட கண்ணாடி ஒண்ணு கீது. போட்டா எதிர்ல ஏதோ நிக்குதுன்னு தெரியும். ஆளா தூணான்னு தெரியாது."

மஹ்விஷின் காது நிமிர்ந்தது. நாளைக்கு... மயிலாப்பூர்... கிடார்... அவளும் நாளைக்கு அங்கேதான் போகிறாள்! ஆனால் வாயைத் திறக்கவில்லை. நாளைக்கு அங்கே இவளைப் பார்த்து அவன் முழிக்கப்போகிற முழியை நினைத்தால் இப்போதே இனித்தது.

பில்லில் எழுதப் பெயர் கேட்டாள். யாசிர், கே.கே. நகர் என்றான். மழை விட்டும் அவன் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றான், ரோட்டை எப்படிக் கடப்பது என்று தெரியாமல். பாய்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் ஆட்டோ ஏற்றிவிட்டார்.

மறுநாள் மாலை, லஸ் பக்கத்தில் வைதேகியின் வீடு. வைதேகி ஜாஸ் பாடகி. தானே தமிழில் பாட்டெழுதி, அதை ஜாஸ் நடையில் பாடுகிறவள். ஞாயிறு மாலைகளில் பெசன்ட் நகரில் ஒரு மாடிக் காபிக் கடையில் அவளது கச்சேரி. கூட ஒரு கிடார், ஒரு பேஸ் கிடார், அவ்வளவுதான் குழு. பழைய கிடார்காரர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போய்விட, புது ஆளைப் பார்க்கத்தான் இன்றைய ஏற்பாடு.

பேஸ் கிடார்தான் நம் மஹ்விஷ். நாலே நாலு தடித்த கம்பி. பாட்டுக்கு அடியில் ஒலிக்கிற கனத்த சத்தம். மூன்று வருஷமாக வாசிக்கிறாள். ராயப்பேட்டை வீட்டில் அம்மா ஜமீலுன்னிசாவுக்கு, அவள் அழைப்பில் அம்மிக்கு, கச்சேரிப் பதிவைப் போட்டுக் காட்டினால், அம்மி முழுசாகக் கேட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். "பாட்டு நல்லா இருக்கு பேட்டா... இதுல எது உன் சத்தம்?"

அந்தக் கேள்விக்கு ஒரு நாளாவது பதில் சொல்லிவிட வேண்டும் என்று மஹ்விஷுக்கு ஓர் ஆசை இருந்தது. வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

"வாங்கோ, வாங்கோ. இவ மஹ்விஷ். நம்ம பேஸ்" என்று வைதேகி அறிமுகம் செய்ய, காலேஜ் காலத்துக் கண்ணாடியோடு வந்திருந்த யாசிர் மஹ்விஷுக்குப் பக்கத்தில் இருந்த மைக் ஸ்டாண்டைப் பார்த்து வணக்கம் சொன்னான்.

"நான் இந்தப் பக்கம்" என்றாள் மஹ்விஷ். "உங்க கண்ணாடி நாளைக்குத்தான். அதுக்குள்ள இங்கயே வந்துட்டீங்க?"

அவன் முகம் மலர்ந்தது. "இந்தக் குரல்... கண்ணாடிக் கடை! ஏங்க, இங்க ஸ்டூல் எதுனா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. உங்க பக்கத்துல எதையும் வைக்க மாட்டேன்."

வைதேகிக்கு ஒன்றும் புரியவில்லை. மஹ்விஷ் தலை குனிந்து கம்பி முறுக்குவது போல நடித்தாள். கன்னம் சூடானது அவளுக்கே தெரிந்தது. இன்றைக்கு நன்றாக இருக்கப்போகிறது என்று மனசு சொல்லியது.

மனசு சொன்னால் போதுமா?

வைதேகி எடுத்தது அவளுடைய மழைப் பாட்டு. 'மழை நிற்கும் வரை நில்லேன்... நின்றதும் போயேன்...' என்று தொடங்கும். அந்தப் பாட்டின் உயிர் முதல் வரியிலேயே இருந்தது. தாளில் அதற்கு மேலே ஒரு சாய்கோடு போட்ட கார்டுகளாக, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகளாக, வரிசையாய் எழுதியிருக்கும். சி ஸ்லாஷ் பி, ஏ மைனர் ஸ்லாஷ் ஜி... கோட்டுக்கு முன்னால் இருப்பது கிடார் வாசிக்க. பின்னால் இருக்கும் ஒற்றை ஸ்வரம் எல்லாவற்றுக்கும் அடியில் ஒலிக்க. மேலே கிடார் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கும். அடியில் மட்டும் சி, பி, ஏ, ஜி என்று ஒவ்வொரு படியாக ஒரு ஸ்வரம் இறங்கிக்கொண்டே போகும். மேலே எதுவும் மாறவில்லையே, பிறகு ஏன் தொண்டை அடைக்கிறது என்று கேட்கிறவர்களுக்குத் தெரியாது. அடைப்பது அந்த இறக்கத்தால். அதை வாசிப்பதுதான் மஹ்விஷ்.

வாசிப்பதுதான்... நேற்று வரை.

யாசிர் தொடங்கினான். முதல் கார்டிலேயே வைதேகியின் புருவம் உயர்ந்தது. எவ்வளவு அழகான கை! மேல்கம்பிகளில் விரல்கள் கார்டை வாசிக்க, அதே கையின் கட்டைவிரல் தடித்த கம்பிகளில் சி, பி, ஏ என்று இறங்கிப் போனது. ஒரே ஆள், இரண்டு பேர் வேலை!

மஹ்விஷும் அதே ஸ்வரத்தை வாசித்தாள். இரண்டும் மோதின. அவன் ஓர் இழை முன்னால் போனான். இவள் பின்னால் இழுத்தாள். அடியில் சத்தம் குழைந்துபோய்ச் சேறானது. 'நிறுத்துங்க... அது என் இடம்...' என்று கண்ணால் சொன்னாள். தலையாட்டினாள். பழைய கிடார்காரர் ஒரு தலையாட்டலுக்கே ஒதுங்கிவிடுவார். இவனோ அவள் பக்கம் திரும்பி, மரியாதையாக ஒரு புன்னகை செய்துவிட்டு, இன்னும் அழகாக இறங்கினான்.

இரண்டாம் சரணத்தில் மஹ்விஷ் கையை எடுத்துவிட்டாள்.

யாராவது திரும்பிப் பார்ப்பார்கள், என்னாச்சு என்று கேட்பார்கள் என்று காத்திருந்தாள். பாட்டு ஓடியது. வைதேகி கண்மூடிப் பாடினாள். அடியில் படியிறக்கம் அவன் கட்டைவிரலில் பத்திரமாக நடந்தது. ஒருவரும் திரும்பவில்லை. ஒரு முழுச் சரணம், தன் கையில் ஒரு கம்பிகூட அசையாமல், தன் பாட்டு தான் இல்லாமலே நன்றாக இருப்பதை மஹ்விஷ் உட்கார்ந்து கேட்டாள்.

அன்று அவன் கிளம்பிப் போன பிறகு, வைதேகி கேட் வரை கூடவே வந்தாள். கேட்டின் தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதுமாக நின்றாள்.

"மஹி... அச்யுத் ஃபோன் பண்ணினான்டி." அச்யுத் என்பவன் காபிக் கடைக்காரன். "மேடையில எடம் போறலையாம். ரெண்டு பேரா சுருக்கிக்க முடியுமான்னு ரொம்ப நாளா கேட்டுண்டே இருக்கான். முடியாதுன்னு சொல்லிண்டிருந்தேன். இன்னிக்கு..."

"இன்னிக்கு அவர் தனியாவே ரெண்டையும் வாசிச்சுட்டார்" என்று மஹ்விஷே முடித்துவைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை மூணு பேரும் வாசிக்கலாம். அவன் வந்து கேட்டுட்டு முடிவு பண்ணட்டும்னு சொல்லியிருக்கேன். எனக்கு மனசே ஆறலைடி. ஆனா பொய் எப்படிச் சொல்றது? பேஸ் இல்லாட்டா பாட்டு நிக்காதுன்னு இத்தனை நாள் சொன்னேன். இன்னிக்கு நின்னுடுத்தே..."

"சரிக்கா" என்றாள் மஹ்விஷ். பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். மந்தைவெளி பஸ் ஸ்டாப் வரைக்கும் அழவில்லை. அதற்கப்புறம் மழை வந்துவிட்டது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

சனிக்கிழமை அவன் வந்தபோது கடையில் பாய் இல்லை, தொழுகைக்குப் போயிருந்தார். யாசிர் அதே பழைய கண்ணாடியோடு, அதே புன்னகையோடு நின்றான்.

"நேத்து செமையா இருந்ததுல்ல?"

மஹ்விஷ் புதுக் கண்ணாடியை எடுத்து, அவன் முகத்தில் மாட்டினாள். காதுக்குப் பின்னால் கம்பி சரியாக வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு அருகில் போய்த்தான் ஆக வேண்டும். போனாள். விரல் நுனி அவன் காதோரத்தைத் தொட்டது. சினிமாவாக இருந்தால் இங்கே ஒரு பாட்டு வந்திருக்கும். இங்கே மஹ்விஷின் பல் கடிபடும் சத்தம்தான் வந்தது.

புதுக் கண்ணாடி வழியே அவன் முதல்முதலாக அவளைத் தெளிவாகப் பார்த்தான். சிரிப்பு மெல்லக் கரைந்தது. "ஏங்க... அழுதீங்களா?"

"கம்பி டைட்டா இருக்கா?"

"மஹ்விஷ்..."

"டைட்டா இருக்கான்னு கேட்டேன்."

"நான் எதுனா தப்பு பண்ணிட்டனா?"

அவ்வளவுதான். கட்டி வைத்திருந்தது உடைந்தது.

"தப்பா? எத்தன தடவ தலையாட்டினேன்! அது என் எடம், விடுங்க விடுங்கன்னு கண்ணால கெஞ்சினேன். கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"தெரியல" என்றான் அவன் அப்பாவியாக. "நீங்கதானங்க ஒடச்சீங்க?"

வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். இன்று மஹ்விஷ் சிரிக்கவில்லை. அச்யுத் சொன்னதை, ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சையை, மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். யாசிரின் முகம் வெளுத்தது.

"எனக்கு சத்தியமா தெரியாதுங்க... ஒருத்தரை வெளிய தள்ளிட்டு உள்ள வர்ற ஆளு இல்ல நான். வேணாம், நான் நாளைக்கு வரல. அவங்ககிட்ட சொல்லிடறேன்."

"எதுக்கு? எனக்குப் பாவம் பாக்கறீங்களா?" பில் புத்தகத்தைப் படாரென்று மூடினாள். "நீங்க ஒதுங்கினதால கெடைக்கற எடம் எனக்கு வேணாம். வாங்க. உங்களுக்கு எப்படி வாசிக்கத் தெரியுமோ அப்படியே வாசிங்க."

"எனக்கு அப்படித்தாங்க வாசிக்கத் தெரியும்!" இப்போது அவனுக்கும் சுருக்கென்றது. "அந்த எறங்கற ஸ்வரம் இல்லன்னா அது பாட்டே இல்ல. அத விட்டுட்டு வெறும் கார்ட அடிக்கறதுக்கு நான் எதுக்கு?"

"அதத்தான் மூணு வருஷமா நான் வாசிக்கறேன். தனியாவே எல்லாத்தயும் வாசிக்கறவருக்குக் கூட ஆளு எதுக்கு?"

அந்த வார்த்தை எங்கோ பட்டுவிட்டது. அவன் கிடார் பையை எடுத்து மாட்டிக்கொண்டான். கதவைத் திறந்தவன், திரும்பாமல் சொன்னான்.

"எங்களுது திரைச்சீலைக் கடைங்க. வீட்ல வாசிச்சா அப்பா திட்டுவாரு. குடோன்ல உக்காந்துதான் கத்துக்கிட்டேன். நாலு பக்கமும் துணி உருளை. என்ன வாசிச்சாலும் துணி முழுங்கிடும், வெளிய ஒருத்தருக்கும் கேக்காது. கீழ வாசிக்க ஒருத்தர் கெடச்சிருந்தா... நான் ஏங்க ரெண்டயும் வாசிக்கப் போறேன்?"

கதவு மூடியது. அவன் பழைய கண்ணாடியை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். மஹ்விஷ் அதை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். எதிரே தொங்கிய விளம்பரப் படம், நாற்காலி, தெரு எல்லாம் ஒரே கலங்கல். சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியில் தன்னைத் தேடினாள். மூக்கு எங்கே, கண் எங்கே என்று தெரியவில்லை. இந்தக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த ஒருத்தனிடம் கண்ணால் பேசியிருக்கிறோம் என்று நினைத்தபோது கோபத்தில் பாதி கழன்று போனது. கழன்ற இடத்தில் வந்து உட்கார்ந்தது இன்னும் தொந்தரவான ஒன்று. அதற்கு என்ன பெயர் என்று யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்தபோது மாடிக் காபிக் கடையில் எல்லா மேஜையும் நிரம்பியிருந்தது. தகரக் கூரைமேல் தூறல். மேடையை ஒட்டிய மேஜையில் அச்யுத், கையைக் கட்டிக்கொண்டு.

மஹ்விஷ் ஒரு முடிவோடு வந்திருந்தாள். மற்ற பாட்டுகளை ஒழுங்காக வாசிப்பது. கடைசியாக மழைப் பாட்டு. அந்த முதல் வரி வரும்போது கம்பியிலிருந்து கையை எடுத்துவிடுவது. யாசிரின் கட்டைவிரல் இறங்கட்டும். அச்யுத் கேட்கட்டும். யாரும் தன்னைத் தள்ளுவதற்கு முன்னால், தானே எழுந்து போய்விடலாம். இது தியாகமா, வீம்பா? இரண்டும்தான். இந்த வயசில் இரண்டுக்கும் வித்தியாசம் பார்த்தவர்கள் யார்?

யாசிர் வந்தான். புதுக் கண்ணாடி. கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு. வலது கையின் கட்டைவிரலில் வெள்ளைப் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. காயமா? கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவனும் எதையோ சொல்ல வந்து, ஒலிவாங்கியைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டான். இரண்டு பேருக்கும் நடுவில் வைதேகி, ஒருத்தரை மாற்றி ஒருத்தரைப் பார்த்துத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள்.

முதல் பாட்டு. இரண்டாவது. கைதட்டல். தப்பு எதுவும் நடக்கவில்லை, உயிரும் இல்லை. தெருவில் எதிரெதிரே வந்துவிட்ட இரண்டு பேர் போல, இரண்டு வாத்தியமும் ஒன்றையொன்று தொடாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தன. அச்யுத் ஒரு தடவை ஃபோனை எடுத்துப் பார்த்தான்.

கடைசிப் பாட்டு.

யாசிர் முன்னிசை வாசித்தான். இதுதான் கடைசி... இந்த மேடை, இந்த விளக்கு, காலடியில் அதிரும் இந்தக் கனத்த சத்தம்... எல்லாம் கடைசி. வைதேகி மூச்சை இழுத்தாள்.

'மழை நிற்கும் வரை...'

மஹ்விஷ் கையை எடுத்தாள்.

அடுத்த நொடி... அடியில் ஒன்றுமே இல்லை! கிடாரின் மேல்கம்பிகள் மட்டும் மெல்லிசாக ஒலித்துக்கொண்டிருந்தன. சி... மறுபடி அதே சி... அசையவில்லை. இறங்கவில்லை. கீழே விழுந்துவிடுவோமா என்று தடுமாறுகிற மாதிரி வைதேகியின் குரல் தனியாக அந்தரத்தில் நின்றது. கடை முழுக்க அந்த ஓட்டை கேட்டது. கோப்பையைத் தூக்கிய ஒருவர் அப்படியே நிறுத்தினார். அச்யுத் ஃபோனிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

மஹ்விஷ் திரும்பினாள்.

யாசிர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கலங்கலாக இல்லை, தூணைப் பார்ப்பது போல இல்லை. நேராக, அவள் கண்ணுக்குள்ளே. அவனது விரல்கள் மேல்கம்பிகளில் ஓட, பிளாஸ்டர் சுற்றிய கட்டைவிரல் மட்டும் கம்பியைத் தொடாமல் உயர நின்றது. அதை அவள் பார்க்கும்படி இன்னும் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். முகம் முழுக்கப் பதற்றம். 'உங்க எடம்... விட்டுட்டேன்... வாங்களேன்...' என்று அந்தக் கண்கள் கெஞ்சின. அன்று இவள் கண்கள் கெஞ்சியதைப் போலவே.

அவனும் விட்டிருக்கிறான்! அவளுக்காக. அவள் விட்ட அதே இடத்தில்.

வைதேகியின் குரல் உடையப் போகிற நேரம். மஹ்விஷின் விரல் கம்பியில் விழுந்தது.

ஜி.

கனமாக, முழுசாக, மரப்பலகை அதிர ஒலித்தது. அங்கிருந்து எஃப் ஷார்ப்... எஃப்... ஈ... ஒவ்வொரு படியாக அவள் இறங்கினாள். மேலே அதே இடத்தில் நின்ற கிடார் இப்போது அழத் தொடங்கியது. வைதேகி கண்ணை மூடி, நடுங்கிய குரலை அந்தச் சத்தத்தின்மேல் வைத்தாள். யாரோ ஒருவர் 'அப்பா...' என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். இரண்டாம் சரணத்தில் அவள் முதல் படியிலிருந்தே இறங்கினாள், அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். அவன் ஒரு தடவைகூடக் கட்டைவிரலைக் கீழே வைக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் அச்யுத் நேராக மேடைக்கு வந்தான்.

"மேடம், ஆரம்பத்துல என்ன ஆச்சு? திடீர்னு தரையே காணாமப் போன மாதிரி... எனக்கு பக்குனு ஆயிடுச்சு. அப்புறம் ஒண்ணு வந்துச்சு பாருங்க, அது யார் வாசிச்சது?"

வைதேகி கையை நீட்டிக் காட்டினாள். மஹ்விஷ் பேஸ் கிடாரை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தர், எது உன் சத்தம் என்று கேட்காமல், தன் சத்தத்தைக் கேட்டுவிட்டு யார் என்று தேடி வந்திருக்கிறார்.

"மூணு பேரும் இருங்க" என்றான் அச்யுத். "எடம்தானே? அந்த ஓரத்து டேபிளத் தூக்கிடறேன்."

"நன்னாயிரு" என்று அவனை வாழ்த்திய வைதேகி, மஹ்விஷின் காதருகே குனிந்தாள். "ஏன்டி, ஒத்துமையா ரெண்டு பேரும் என்னை அந்தரத்துல விட்டேளே... சொல்லி வெச்சுண்டா பண்ணினேள்?"

மஹ்விஷ் தலையாட்டினாள், இல்லை என்று. கண் மட்டும் படிக்கட்டுப் பக்கம் போனது. யாசிர் கிடார் பையோடு சத்தமில்லாமல் இறங்கிப் போய்க்கொண்டிருந்தான்.

ஓடினாள். கடற்கரைச் சாலையில், தூறலில், ஒரு மூடிய பஜ்ஜிக் கடையின் தார்ப்பாய்க்குக் கீழே அவனைப் பிடித்துவிட்டாள்.

"சொல்லாமப் போறீங்க?"

"நீங்க பேசுவீங்களான்னு தெரியல..."

"விரல்ல என்ன? காயமா?"

அவன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டான். "காயம் இல்லங்க. நேத்து கடையிலேந்து நேரா குடோனுக்குப் போனேன். கீழ் ஸ்வரத்த விட்டுட்டு வாசிச்சுப் பாக்கலாம்னு. இது அடங்கவே மாட்டேங்குது. பழக்க தோஷம், தன்னால போய் கம்பிய அடிக்குது. கடைசில பிளாஸ்டர சுத்திக் கட்டிப் போட்டுட்டேன். ஆனா நீங்க வாசிக்காம விடுவீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல. உயிரே போயிடுச்சு."

"எனக்கு மட்டும்?"

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. இரண்டு நாளாக எங்கோ போயிருந்த சிரிப்பு.

"அந்த ஜி வந்துச்சுல்ல..." அவன் குரல் தணிந்தது. "அப்ப எனக்கு இன்னா தோணுச்சு தெரியுமா? இத்தன வருஷமா எல்லாத்தயும் நானே தூக்கிட்டு நின்னேன். அப்பதான் யாரோ கீழேந்து தாங்கினாங்க. எனக்கு இனிமே தனியா வாசிக்கப் பிடிக்காதுங்க. பாட்டுக்கு மட்டும் சொல்லல... மத்ததுக்கும்தான். உங்கள எனக்கு அவ்ளோ பிடிச்சிருக்கு, மஹ்விஷ்."

காற்றில் தூறல் சாய்ந்து அடித்து, அவன் கண்ணாடி முழுக்க நீர் முத்துகள் கோத்தது. அவன் அதைக் கழற்றி, எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் தேடினான். பஜ்ஜிக் கடையின் பெஞ்சைத் தடவி, சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

"வேணாம்பா... உங்க பக்கத்துல பெஞ்சுல வைக்கக் கூடாது."

"குடுங்க இப்படி." வாங்கிக்கொண்டாள். துப்பட்டா நுனியால் துடைத்தாள். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தாள். எதிரே அந்தக் கண்கள், மழைத்துளியோடு, அதே வெகுளித்தனத்தோடு அவளைத் தேடிக்கொண்டிருந்தன. இப்போது அவனுக்குத் தன் முகம் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் சொன்னாள்.

"அன்னிக்குக் கடையில உங்க கண்ண ரெண்டு தடவ அளந்தேன்... ஞாபகம் இருக்கா?"

"ஆமா. முதல் தடவ தப்பா வந்துச்சா?"

"இல்ல. முதல் தடவையே சரியாத்தான் வந்துச்சு."

மெல்ல, மிக மெல்ல, அந்தச் சொல் அவன் முகம் முழுக்கப் பரவியது.

"மஹ்விஷ்... கண்ணாடியக் குடுங்க."

"எதுக்கு?"

"இத சொல்லும்போது உங்க முகம் எப்படி இருக்குன்னு நான் பாக்க வேணாமா?"

அவள் கையில் கொடுக்கவில்லை. கிட்டே வந்து, குதிகாலை உயர்த்தி, கண்ணாடியைத் தானே அவன் மூக்கின்மேல் வைத்து, இரண்டு காதுக்குப் பின்னாலும் கம்பி சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவன் பார்க்கட்டும் என்று முகத்தைத் திருப்பாமல் நின்றாள்.